சேலையை விட்டு எழுந்து போனவர்கள்

போராட்டம் ஜெயிப்பதற்கு முன்னாலேயே ஜெயித்துவிட்டதாகச் சேலையில் அச்சடித்துக் கட்டிக்கொண்ட ஊர் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது எங்கள் கள்ளிமேட்டுப்பட்டிதான். அந்தச் சேலையில் படமாக இருந்தவர்கள் எழுந்து நடந்து போய் மிச்சப் போராட்டத்தை அவர்களே நடத்தினார்கள் என்று சொன்னால் டவுன்காரர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை, “பெறகு என்ன செய்வாளுக?” என்றுதான் கேட்பார்கள்.

பைபாஸ் ரோடு போட்ட வருஷம், ஊருக்குள் வந்து பிள்ளையார் கோயிலைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ், எதற்கு வளைந்து போவானேன் என்று நேர் ரோட்டிலேயே பறக்கத் தொடங்கியது. வெண்டைக்காய்க் கூடை டவுனுக்குப் போவது நின்றது. பஸ் ஸ்டாப்பில் வடை போட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மா அத்தையின் அடுப்பு அணைந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும்தான் உண்டு. அதற்கு மேலே டவுனுக்குப் போய்ப் படித்த பொம்பளைப் பிள்ளைகள் முள்ளுக்காட்டு வழியே பைபாஸ் வரைக்கும் நடக்கப் பயந்து ஒவ்வொருத்தியாக நின்று, ஆஸ்டலோடு சேர்ந்த நூல் மில்லுக்கு வேன் ஏறினார்கள். அந்த வேன் மட்டும் ஊருக்குள்ளேயே வரும், வாசலிலேயே நிற்கும்.

அதனால்தான் போன வருஷம் வைகாசியில் ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் பைபாஸில் போய் உட்கார்ந்தோம். எனக்கு அப்போது நிறைமாசம். “தங்கப்பேச்சி, நீ வரவேணாம்” என்று எல்லாரும் சொன்னார்கள், பஸ் இல்லாவிட்டால் என் பேறுகாலத்துக்கு நான் எதில் போவேன் என்று கேட்டுவிட்டு நானும் போனேன். ஒச்சம்மா அத்தை உரச்சாக்கை நான்காக மடித்து எனக்குக் கீழே போட்டாள், தார் ரோட்டின் சூடு ஏறாமல் இருக்க. என் நாத்தனார் வர்ஷினி பாலத்துச் சுவரில் ஏறி நின்று போனில் படம் பிடித்தாள். லாரிகள் நின்றன, கார்கள் நின்றன, எங்களை ஏற்றாமல் போன அதே பஸ்ஸும் வந்து நின்றது. கடைசியில் டிப்போ மேனேஜர் சகாயராஜ் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல், வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கழுத்தே சிவந்துபோன மனுஷன்.

“பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள பஸ்ஸு வரும்மா. என் பொறுப்பு. எந்திரிங்க, வெயிலு கொளுத்துது” என்றவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, “ஐயோ, இந்தப் பொண்ணை முதல்ல எந்திரிக்கச் சொல்லுங்க” என்றார்.

பொறுப்பு என்று சொல்லிவிட்டாரே என்று எழுந்தோம். அங்கேதான் தப்புப் பண்ணினோம். எழுந்தது மட்டும் இல்லை, அன்றைக்குச் சாயங்காலமே சேலைப் பேச்சையும் எடுத்தோம். எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குப் பொம்பளைகள் எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுத்துக் கட்டுவது வழக்கம். அதை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் வருஷா வருஷம் சண்டை வரும். “இந்தத் தடவை நாம ரோட்டுல உக்காந்ததையே அச்சுப் போட்டா என்ன?” என்று நான்தான் வாயை விட்டேன். சண்டையே இல்லாமல் ஊர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். வர்ஷினி போன் படத்தைப் பார்த்து ஒவ்வொருத்தியையும் வரைந்தாள், ஒச்சம்மா அத்தையின் தூக்கின கை, என் வயிறு, யார் யார் எப்படிக் கால் மடித்து உட்கார்ந்தார்களோ அப்படியே. வானநீலத் துணியில் உடம்பு முழுக்க நாங்கள் வரிசையாக, முந்தானையில் அந்தப் பஸ், கரையில் ‘கள்ளிமேட்டுப்பட்டி பேருந்து வெற்றிப் போராட்டம்’ என்று எழுத்து.

டவுனில் அச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஷாஜகான் பாய், அச்சுச் சட்டத்தைத் துணி மேல் வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டார்: “பஸ்ஸு வந்துருச்சாம்மா?”

“வந்த மாதிரிதான், நீங்க அடிங்க பாய்” என்றோம்.

சேலை வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. பஸ் வரவில்லை. நான் தக்காளிப் பெட்டி ஏற்றிய குட்டியானை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பாதி வழியில் பெட்டிகளுக்கு நடுவில் என் மகள் பிறந்தாள். அவளைக் கொஞ்சுகிறவர்கள் இன்றைக்கும் “ஏ தக்காளி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேனேஜரைக் கேட்டால் வண்டி இல்லை, ஆள் இல்லை, மேலே எழுதியிருக்கிறேன் என்றார். வெற்றி என்று கரை போட்ட சேலையை எந்த முகத்தோடு கட்டுவது? பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினோம்.

ஆனால் பங்குனி வந்தபோது பருத்தி விலை விழுந்து கிடந்தது, புதுச்சேலைக்கு வழியில்லை, இருக்கிற நல்ல சேலையைப் பூச்சி தின்னவா விட முடியும்? எடுத்துக் கட்டினோம். பொங்கல் வைக்க வந்த பக்கத்து ஊர்க்காரிகள், “வெற்றிச் சேலை கட்டிக்கிட்டு நடந்தேல்ல வாறாளுக” என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எங்களுக்குக் காது சுட்டது. சேலையில் இருந்தவர்களுக்கும் சுட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் துவைத்துக் கொடியில் போட்டு, உலர்ந்ததா என்று பார்க்கப் போனால், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

முதலில் பார்த்தது நான். மகளுக்குத் தொட்டில் துணி எடுக்கப் போனவள், என் சேலையில் ஒச்சம்மா அத்தை இடுப்பில் கைவைத்து நிற்பதையும், நான் என் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல எழுந்திருப்பதையும் பார்த்து, சாயம் ஓடிவிட்டதோ என்று நகத்தால் சுரண்டினேன். சாயம் ஓடவில்லை. நான்தான் ஓடினேன், பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்க்க. அங்கேயும் நின்றார்கள். ஊர் முழுக்க, கொடிக்குக் கொடி, வேலிக்கு வேலி, நீலத் துணியெல்லாம் பொம்பளைகள் எழுந்து முந்தானைப் பக்கம் முகம் திருப்பி நின்றார்கள்.

“நாம உக்காந்தது போதாதுன்னு எந்திரிச்சிட்டாளுக” என்றாள் ஒச்சம்மா அத்தை, ஏதோ மாடு கட்டுத்தறியை விட்டு எழுந்ததைச் சொல்வதுபோல. அதற்கு மேல் அதைப்பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட நேரமும் இல்லை, சண்டைதான் வந்தது. துவைக்கத் துவைக்க அவர்கள் ஒரு முழம் ஒரு முழமாக முந்தானையைப் பார்த்து நடந்தார்கள் என்பதால், அடிக்கடி துவைக்கிறவள் சேலையில் வேகமாகப் போனார்கள், சோம்பேறி சேலையில் அங்கேயே நின்றார்கள், யார் வீட்டில் வாரத்துக்கு எத்தனை துவைப்பு என்பது ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. “உன் சேலையில என்னையப் பின்னாடி தள்ளிட்டு நீ மட்டும் முன்னாடி போறியே” என்று ஒருத்தி கேட்க, “நானா தள்ளுனேன், நீ ஆடி அசைஞ்சு நடக்குறவதானே” என்று இன்னொருத்தி சொல்ல, தண்ணிக் குழாயடியில் பேச்சு வார்த்தையே நின்றுபோன வீடுகள் உண்டு. இஸ்திரி போடும்போது முகத்தின் மேல் பெட்டி வைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. வெயில் ஏறினால் சேலையை நிழலுக்கு மாற்றினோம். ஆம்பளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கொடிப்பக்கம் போகும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு போகப் பழகினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் சேலையில் இருந்த என்னிடம் போய், “இவ்வளவு மாசமாச்சே, ஒனக்கு இன்னும் பெறக்கலையா?” என்று கேட்டுவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றது. எனக்குப் பிறந்து பல் முளைத்து, பிள்ளை தவழவும் ஆரம்பித்துவிட்டாள். அவள் இன்னும் அதே வயிற்றோடு நடக்கிறாள்.

சித்திரை முடிகிற சமயம் வர்ஷினி பத்தாவது பாஸ் பண்ணினாள். நல்ல மார்க்கு. டவுன் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இடமும் கிடைத்தது. என் மாமனார் மார்க் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

“பஸ்ஸு வந்தாப் படிக்கட்டும். பள்ளிக்கூடம் தெறக்குற அன்னைக்கு வரைக்கும் பாப்பேன். வரலைன்னா மில்லு வேனு. வயசுப் புள்ளைய முள்ளுக்காட்டுல நடக்க விட்டுட்டு என்னால நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்கார முடியாது.”

“மாமா, மில்லுக்குப் போனா மட்டும் நெஞ்சு நிம்மதியா இருக்குமா?” என்றேன்.

“இருக்காது. ஆனா எங்க இருக்கான்னு தெரியும்.”

வர்ஷினி எழுந்து வெளியே போனாள். கொடியில் காய்ந்த சேலையின் முன்னால் போய் நின்று, தான் வரைந்தவர்களைப் பார்த்து, “அத்தைகளா, சித்திகளா, கொஞ்சம் வெரசா நடங்க” என்றாள். பிறகு அவளே சேலையை எடுத்து நனைத்தாள்.

அவர்கள் முந்தானைக்கு வந்துசேர்ந்து பஸ்ஸைச் சுற்றி நின்றபோது, இனி எங்கே போவார்கள் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. டிப்போவில் மனு கொடுக்க நானும் ஒச்சம்மா அத்தையும் போவதென்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், கொடிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டச் சொன்னாள் அத்தை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விளக்கு வைக்கும் முன்னால் ஊர்ச் சேலைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஓரம் தாண்டி ஓரம் தாண்டி எங்கள் இரண்டு பேர் சேலைகளுக்கும் வந்துவிட்டார்கள். ஒரே ஆள் மேல் ஒரே ஆள் வந்து நிற்க, அச்சின் மேல் அச்சுப் போட்டால் நிறம் ஏறுமே, அதுபோல ஒவ்வொருத்தியும் ஒற்றை ஆளாகி அழுத்தமாகக் கறுத்துச் சிவந்து, கண்ணின் வெள்ளைகூடத் தெரியும்படி ஆகிவிட்டார்கள். மற்றச் சேலைகள் வெறும் வானமாக ஆடின.

மறுநாள் பைபாஸ் வரை நடந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். மேட்டில் ஆட்டோ ஏறவில்லை. டிரைவர் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் என் மகளையும் எண்ணி, “மூணு பேருதானே இருக்கீக, என்னமோ கல்யாண வீட்டையே ஏத்துன மாதிரி இழுக்குது” என்றார்.

“ஊரையே ஏத்தியிருக்க தம்பி. முதல் கியர்ல போ” என்றாள் அத்தை.

டிப்போவில் மேனேஜர் வெளியே போயிருந்தார். மனுவை மேஜையில் வைத்தோம். அவர் நாற்காலியில் வெள்ளை டர்க்கித் துண்டு போர்த்தியிருந்தது. பெரிய ஆபீசர் நாற்காலி என்றால் துண்டு இல்லாமல் இருக்காதே. காகிதம் பறக்காமல் இருக்க அத்தை குனிந்து கல்லை வைத்தாள், அவள் முந்தானை மேஜை விரிப்பில் பட்டது, என் முந்தானை துண்டில் பட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் மகளுக்குப் பால் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், எங்கள் சேலைகளில் ஒரு ஈ காக்கை இல்லை, பஸ்கூட இல்லை, கரையில் இருந்த ‘வெற்றி’யும் இல்லை.

“எறங்கிட்டாளுக” என்றாள் அத்தை. “வா, காப்பி குடிச்சிட்டுப் போவோம்.”

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் டிரைவர்கள் அனுப்பிய போன் படங்களில் பார்த்தோம். டிப்போவில் துணி என்று எதெல்லாம் இருந்ததோ அதிலெல்லாம் எங்கள் ஊர்ப் பொம்பளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னல் திரையில் இரண்டு பேர், மெக்கானிக்கின் காக்கிச் சட்டை முதுகில் ஒருத்தி, கண்ணாடி துடைக்கும் துணியில்கூட ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், அந்தத் துணியால் துடைக்க மனசு வராமல் பஸ்கள் புழுதிக் கண்ணாடியோடு போயின. ஒச்சம்மா அத்தை பச்சை மேஜை விரிப்பில் மேனேஜருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டிருந்தாள், அவர் டீ டம்ளரை எங்கே வைத்தாலும் அவள் மேல்தான் வைக்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மெத்தென்று இடம் வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து என்னைத் துண்டில் உட்காரவைத்திருந்தார்கள்.

சகாயராஜ் சார் துவைத்துப் பார்த்தார், போகவில்லை. துண்டை மாற்றினார், அதில் இருந்தவள் புதுத்துண்டுக்கு மாறிக்கொண்டாள். பின்னால் நிறைமாசக்காரி இருக்கும்போது எப்படிச் சாய்வது? நாற்காலி நுனியில் நிமிர்ந்தே உட்கார்ந்து வேலை பார்த்தார், அதில் அவருடைய பழைய முதுகுவலி போய்விட்டதாகவும் கேள்வி. ஒருநாள் ஜீப்பில் ஊருக்கே வந்துவிட்டார்.

“உங்க ஆளுகளக் கூட்டிட்டுப் போங்கம்மா. ஆபீஸ்ல நிம்மதியா ஒரு கையெழுத்துப் போட முடியல, அந்தம்மா மொறச்சுப் பாக்குறாங்க.”

“நாங்க கூப்பிட்டா வருவாளுகளா சார்? அவளுக போராட்டக்காரிக, நாங்க குடும்பப் பொம்பளைக” என்றாள் அத்தை, பூண்டு உரித்துக்கொண்டே. “பஸ்ஸ விடுங்க, அவளுகளே எந்திரிச்சுருவாளுக.”

“வண்டி இருந்தா விடமாட்டேனாம்மா? சத்தியமா வண்டி இல்ல.” உண்மையாகவே வருத்தப்பட்டார். போகும்போது என்னிடம் தனியாகக் கேட்டார்: “அந்தப் பொண்ணுக்கு ஃபேன் காத்து நேரா படுதும்மா, ஒண்ணும் செய்யாதுல்ல?”

அதற்குள் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்துவிட்டது. மில் புரோக்கர் இரண்டு தரம் வந்து என் மாமனாரோடு வேப்பமரத்தடியில் பேசினான். வர்ஷினியின் துணிகளை ஒரு பைக்குள் மடித்துவைக்கச் சொன்னார் மாமனார். நான் மடிப்பதுபோல மடித்துப் பிரித்து, பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, “மைனி, நாளைக்கு முழுக்க இதையே மடிச்சா வேன் போயிரும்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை அவளுக்கு.

மறுநாள் உச்சிவெயிலில் போன் அடித்தது. மேனேஜர்தான், குரல் இன்னும் சின்னதாகியிருந்தது.

“அம்மா, உங்க படத்துல... அந்தப் பொண்ணு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சாயுது. நெத்தியெல்லாம் வேர்வை. துண்டே நனைஞ்சிருக்கும்மா. நான் என்ன செய்ய? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா சிரிக்கிறாங்க.”

எனக்கு அடிவயிற்றில் ஒரு இழுப்பு இழுத்தது, தக்காளிப் பெட்டி வாசனை மூக்கில் அடித்தது. “எங்கயும் தூக்காதீங்க சார்! ஃபேனை நிப்பாட்டுங்க. வலி எத்தனை நேரத்துக்கு ஒருக்கா வருது?”

“எனக்கு என்னம்மா தெரியும், நான் பஸ் டிப்போ நடத்துறவன்!”

ஒச்சம்மா அத்தை போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். “யோவ் சாரே, பேறுகாலத்துக்குப் பொம்பளைக வேணும். அங்க இருக்குறவளுக அச்சு. புள்ளையத் தாங்க ரத்தமும் சதையுமா கை வேணும். நாங்க வரணும். எதுல வர்றது? நடந்தா வர்றது? நாங்க வர்றதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கூடத்துக்கே போயிரும்!”

அந்தப் பக்கம் போன் மேஜையில் விழுந்தது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம், பிறகு அந்தச் சின்னக் குரல் பெரிய குரலாகி யாரையோ கூப்பிட்டது: “சௌந்தரு! ஷெட்டுல நிக்கிற வண்டிய எடு! எங்கயா? கள்ளிமேட்டுப்பட்டி! ஊருக்குள்ள போ, வாசலுக்கு வாசல் நில்லு!”

வந்தது பஸ். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முள்ளுக்காட்டுப் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, பிள்ளையார் கோயிலைச் சுற்றி அரைவட்டம் அடித்து நின்றது. ஆடு ஓடியது, கோழி பறந்தது, பொம்பளைகள் கரண்டியும் கையுமாக ஏறினார்கள். ஒருத்தி வெந்நீர்ப் பானையையே தூக்கிக்கொண்டு ஏறினாள், இன்னொருத்தி நல்லெண்ணெயும் கருப்பட்டியும், இன்னொருத்தி பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டே. எல்லார் இடுப்பிலும் அந்த நீலச்சேலை, வெறுஞ்சேலை. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மாமனார் வாசலில் நின்று பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வர்ஷினி எங்களுக்கு முன்னாலேயே ஏறி டிரைவர் பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வண்டி இல்லைன்னாரே ஒங்க சாரு?” என்று அத்தை கேட்டாள்.

“இது பிரேக்டவுனுக்கு அனுப்ப வச்சிருக்குற வண்டிம்மா” என்றார் சௌந்தர்.

“நாங்க ஒரு வருசமா பிரேக்டவுனு ஆகித்தானே கெடக்கோம்.”

டிப்போவில் மேனேஜர் துண்டை மேஜையில் விரித்து, ஜன்னலை அடைத்து, மெக்கானிக்குகளையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் துண்டைச் சுற்றி உட்கார்ந்தோம். துண்டுக்குள்ளேயும் திரையிலிருந்தும் சட்டையிலிருந்தும் இறங்கிவந்த எங்கள் படங்கள் சுற்றி உட்கார்ந்தன. நான் துண்டில் இருந்தவளின் நெற்றியில் விரலை வைத்தேன். ஈரமாக, சூடாக இருந்தது. “முக்கு ஆத்தா, பெட்டிக்கு நடுவுல நானே பெத்துப்போட்டேன், ஒனக்கு ஆபீசர் மேஜை கெடச்சிருக்கு, முக்கு” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு வருஷமாகச் சுமந்த கோபம் முழுக்க இருந்தது. பிறகு நூல் இழையெல்லாம் ஒரு தரம் நடுங்கியது. பிறகு அவள் மடியில், மஞ்சளும் சிவப்புமாக, சாயம் காயாத ஈரத்தோடு, கைகால் உதைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கிடந்தது.

“எனக்குப் பொண்ணு, அவளுக்கு ஆணு” என்று வெளியே போய்ச் சொன்னேன். சகாயராஜ் சார் பெரிய உடம்பு குலுங்க அழுதார், பிறகு கேண்டீனில் இருந்த சீனியையெல்லாம் வாங்கி டிரைவர், கண்டக்டர், கிளீனர், டிக்கெட் எடுத்து நின்ற பயணிகள் எல்லார் வாயிலும் போட்டார்.

சீனி கரைந்து முடிவதற்குள் அத்தை காரியத்துக்கு வந்தாள்.

“சார், பச்ச உடம்புக்காரிய ஆட்டி அசைக்கக் கூடாது. மூணு மாசம் அவ இங்கதான் இருப்பா, இது அவளுக்குத் தாய்வீடு மாதிரி.”

“இருக்கட்டும்மா. தாராளமா இருக்கட்டும்.”

“இருந்தா மட்டும் போதுமா? தெனமும் காலையில லேகியம் கொண்டுவரணும், பூண்டுக் குழம்பு கொண்டுவரணும், எண்ணெ தேச்சு விட ஒருத்தி வரணும். சாயங்காலம் நாங்க திரும்ப வீட்டுக்குப் போகணும், எங்களுக்கும் புருசன் புள்ளைக இருக்கு.”

மேனேஜர் அவளைப் பார்த்தார், மேஜையில் கிடந்த துண்டைப் பார்த்தார், பிறகு நிற்கிற பஸ்ஸைப் பார்த்தார். “மூணு மாசத்துக்குத்தான்மா. அதுக்கு மேல எனக்கு உத்தரவு இல்ல” என்றார். அத்தை தலையை ஆட்டினாள்.

அப்படித்தான், பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குக் காலையில் பூண்டுக் குழம்புத் தூக்குவாளியோடு நானும், புத்தகப்பையோடு வர்ஷினியும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். மில் வேன் எங்களுக்குப் பின்னால் ஊருக்குள் வந்து, வெறுமனே திரும்பிப் போனது. பேறுகாலம் பார்க்கப் போகிற பஸ்ஸில் வெண்டைக்காய்க் கூடை ஏறியது, நின்றுபோயிருந்த மற்றப் பிள்ளைகள் இரண்டொருத்தர் மில்லிலிருந்து திரும்பிவந்து ஏறினார்கள், ஒச்சம்மா அத்தையின் அடுப்பு புகைந்தது. துண்டில் இருந்தவளால் குழம்பு சாப்பிட முடியாது என்பதால் மேனேஜர் அவளுக்குக் காட்டிவிட்டு அவர் சாப்பிட்டார், பேறுகால மருந்து தின்று தின்று அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. நாங்கள் கேட்காமலே துண்டுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்.

ஆனால் நாளாக நாளாக நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். ஆவணியில் மூன்று மாசம் முடியும், தாயும் பிள்ளையும் வீடு திரும்ப வேண்டும், பிறகு பஸ் எதற்கு வரும்? வர்ஷினி காலாண்டுப் பரிட்சைக்குப் படித்துக்கொண்டே, “மைனி, அவளுக்கு இன்னொரு புள்ள பெறக்க வழி உண்டா?” என்று கேட்டாள். “படத்துல அவ புருசன் இல்லையேடி” என்றேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. முதலில் இறங்கினது மேனேஜர் சகாயராஜ். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தோளில் குழந்தையைச் சாய்ப்பதுபோல அந்தத் துண்டைச் சாய்த்திருந்தார். பின்னால் டிரைவர் கண்டக்டர் மெக்கானிக்குகள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டோடு, வாழைப்பழம், தேங்காய், கருப்பட்டி, கண்ணாடி வளையல், கிலுகிலுப்பை. தாய்வீட்டிலிருந்து பெண்ணையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுகிற சீர் எப்படி வரவேண்டுமோ அப்படி வந்தது. அவர்கள் சட்டைகளிலும் கைக்குட்டைகளிலும் எங்கள் படங்கள் உட்கார்ந்து வந்தன.

அவர் என் முன்னால் வந்து நின்று துண்டை என் முந்தானையில் வைத்தார். அவள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் நீலத்துக்குள் இறங்கினாள். மற்றவர்கள் அவரவர் சேலையைத் தேடி அவரவர் போனார்கள்; இனிமேல் ஒரே மாதிரி சேலை என்று எங்கள் ஊரில் கிடையாது, ஒவ்வொருத்தி சேலையிலும் அவள் மட்டும்தான். கரைக்கு எழுத்துகளும் வந்தன.

“எல்லாம் சரி சார்” என்றாள் ஒச்சம்மா அத்தை, தட்டுகளை எட்டிப் பார்த்துக்கொண்டு. “தாய்மாமன் மொறை எங்க?”

ஊரே எட்டிப் பார்த்தது. வர்ஷினி என் கையைப் பிடித்தாள்.

மேனேஜர் திரும்பிச் சௌந்தரைப் பார்த்தார். சௌந்தர் பஸ்ஸுக்குள்ளிருந்து கடைசித் தட்டை எடுத்துவந்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், நடுவில் ஒரு தகரப் பலகை, புது பெயிண்டின் வாசனையோடு. மஞ்சளில் கறுப்பு எழுத்து: கள்ளிமேட்டுப்பட்டி.

“உத்தரவு வாங்கிட்டேம்மா” என்றார், பழைய சின்னக் குரலில். “மேல போயி அவங்க ஆபீஸ்லயே போயி உக்காந்தேன். உக்காந்தாத்தான் குடுக்குறாங்க.”

அத்தை பலகைக்குக் குங்குமம் வைத்தாள். என் மாமனார் ஏணி போட்டு ஏறி, அதை அவர் கையாலேயே பஸ்ஸின் நெற்றியில் மாட்டினார், திருகாணியை ஒன்றுக்கு இரண்டு தரம் முறுக்கினார். “நேரமாச்சு, நேரமாச்சு” என்று வர்ஷினி எல்லாரையும் விலக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

வெறுந்துண்டை உதறிப் பார்த்தார் சகாயராஜ் சார். நாலாக மடித்தார், பிறகு பிரித்தார், தோளில் போட்டுக்கொண்டார். தங்கச்சியைப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புகிற அண்ணன்களைப் போல யாரையும் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்று முந்தானையை ஜன்னல் வரைக்கும் தூக்கிக் காட்டினேன். கண்டக்டர் அவரிடமே வந்து, “சார், டிக்கெட்டு” என்றார். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டைப்பையைத் தடவ, பஸ் கிளம்பியது.